கண்ணைச் சிமிட்டாதே!

அல்லிநகரத்தில் எனக்குச் சிலம்பம் சொல்லிக்கொடுத்த வாத்தியார், முதல் ஆறு மாசம் கம்பையே கையில் தரவில்லை. காலடி மட்டும்தான். எதிரே நிற்க வைத்து, மூக்கை உரசுகிற மாதிரி கம்பை வீசுவார். ‘‘சிமிட்டாம நில்லுடா!’’ என்பார்.

2001 செப்டம்பர் 11 சாயங்காலம் டீக்கடை டி.வி-யில் அந்தக் கட்டடங்கள் சரிந்ததை அவரோடுதான் பார்த்தேன். கடத்தியவர்களில் ஒருவன் ஃப்ளோரிடாவில் மாதக்கணக்கில் சண்டை பழகினான் என்று பிறகு பேப்பரில் வந்தது. வாசித்துக் காட்டினேன். ‘‘பிளேன் ஓட்டக் கத்துக்கிட்டாய்ங்க, சரி. சண்டை எதுக்குப்பா?’’ என்றார்.

நியாயமான கேள்வி. 1971-ல் ‘கங்கா’ விமானத்தை ஸ்ரீநகரிலிருந்து லாகூருக்குக் கடத்திய இருவரிடம் இருந்தது பொம்மைத் துப்பாக்கியும் போலி குண்டும்தான். 1999-ல் காத்மாண்டுவிலிருந்து கிளம்பிய ஐ.சி. 814-ஐக் காந்தஹாருக்குக் கொண்டுபோனவர்கள் ஐந்தே பேர். தேனிலவு முடிந்து திரும்பிய இளைஞர் ஒருவரைக் குத்திக் கொன்றார்கள். மற்றவர்கள் குனிந்த தலை நிமிராமல் எட்டு நாள் கிடந்தார்கள். குறை சொல்ல முடியுமா? ‘சொன்னபடி கேள், உயிர் பிழைக்கலாம்’ என்பதுதான் அன்றைக்கு உலகம் முழுக்க இருந்த பாடம்.

பயம் வேலை செய்கிறவரை சண்டை தேவையில்லை. அது உடைகிற நிமிஷத்துக்குத்தான் பயிற்சி. அந்த 19 பேரிடம் இருந்த கத்திகள் சின்னவைதான். நாலு அங்குலத்துக்குக் குறைவான கத்திக்கு அப்போது அமெரிக்காவில் தடை இல்லை. ஆட்களும் பயில்வான்கள் இல்லை. முக்கால்வாசிப் பேர் ஐந்தரை அடி சொச்சம், ஒல்லி உடம்பு என்கிறது அமெரிக்க விசாரணை. கை கூசக் கூடாதென்று ஆப்கானிஸ்தான் முகாமில் ஆட்டையும் ஒட்டகத்தையும் அறுக்கவைத்துப் பழக்கியிருக்கிறார்கள். விமானத்தின் நடுப்பாதையோ நம்ம டவுன் பஸ் மாதிரி. நாற்பது பேர் திரண்டாலும் ஒருவர் பின் ஒருவராகத்தான் வர முடியும். முன்னால் வருகிறவனைத் தடுத்தால் போதும்.

ஃப்ளோரிடாவில் பழகியவன் பெயர் ஜியாத் ஜர்ரா. அவன் ஏறிய யுனைடெட் 93-ல் கணக்கு தப்பியது. நியூயார்க் சேதியை போனில் கேட்ட பயணிகள், 9.57-க்குக் கிளம்பினார்கள். சண்டை கற்றவன் அப்போது விமானி சீட்டில்! அவர்கள் நிலைகுலையட்டும் என்று விமானத்தை இடமும் வலமும் சாய்த்துப் பார்த்தான். 10.03-க்கு பென்சில்வேனியா வயல்வெளியில் விழுந்தது.

இதையெல்லாம் நான் பெரிய இவன் மாதிரி விளக்கி முடித்த கொஞ்ச நாளில், தேனியிலிருந்து கம்பம் போகிற பஸ்ஸில் ஒரு குடிகாரன் கண்டக்டர் கழுத்தில் கத்தியை வைத்தான். ஐம்பது பேர் இருந்தோம். மூணாவது சீட்டில் நான். ஆறு வருஷம் கம்பு சுற்றியவன். எழுந்திருக்கவில்லை. கீரைக்காரப் பாட்டி ஒருத்தி, ‘‘அடேய், எடுபட்ட பயலே!’’ என்று கூடையை அவன் மூஞ்சியில் எறிந்தாள். அப்புறம்தான் எல்லோரும் பாய்ந்தோம்.

வாத்தியாரிடம் போய், ‘‘கையில கம்பு இல்லண்ணே’’ என்றேன்.

‘‘கால் இருந்துச்சுல்ல?’’

மறுநாள் விடியற்காலை காலடியிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.