வளைவில் திரும்பாத வண்டியா?

"அமெரிக்கக் கார் நேர் ரோட்டில்தான் ஓடும். வளைவு வந்தால் நேராகப் போய் மரத்தில் நிற்கும்."

கார் பைத்தியங்கள் நாலு பேர் கூடினால் இந்த டயலாக் வராமல் இருக்காது. சொல்பவர் பெரும்பாலும் பி.எம்.டபிள்யூ ரசிகராகவோ போர்ஷே ரசிகராகவோ இருப்பார். அவர் சொல்வதில் பாதி உண்மை. மேட்டர் மீதிப் பாதியில்தான் இருக்கிறது.

முதலில் அந்த உண்மையான பாதி. 1964 மாடலாக ஜெனரல் மோட்டார்ஸின் பான்டியாக் பிரிவு ஜி.டி.ஓ.வைக் கொண்டுவந்தது. நடுத்தர அளவுக் காரில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் கூடாது என்று கம்பெனிக்குள்ளேயே ஒரு விதி இருந்தது. ஜான் டிலோரியனும் அவருடைய கூட்டாளிகளும் அதற்கு ஒரு சந்து கண்டுபிடித்தார்கள். 389 கன அங்குல எஞ்சினைத் தனி மாடல் என்று சொல்லாமல், டெம்பஸ்ட் காருக்கு வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளும் 'ஆப்ஷன்' என்று விற்றார்கள். முதல் வருடமே 32,450 கார்கள் போயின. அடிப்படை எஞ்சினுக்கே 325 குதிரைத்திறன். பிரேக்? நாலு சக்கரத்திலும் டிரம். டிஸ்க் பிரேக் ஆப்ஷனாக வந்ததே 1967-ல்தான். இருபது வயதுப் பையனிடம் அத்தனை வேகத்தைக் கொடுத்துவிட்டு, நிறுத்துகிற வேலையை மட்டும் அவன் அதிர்ஷ்டத்திடம் விட்டுவிட்டார்கள். 1970 வாக்கில் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் இந்தக் கார்களுக்குப் பிரீமியத்தைத் தாறுமாறாக ஏற்றியது சும்மா இல்லை.

அப்படியானால் அமெரிக்க எஞ்சினியர்களுக்குக் காரைத் திருப்பத் தெரியாதா? நன்றாகவே தெரியும். இங்கேதான் எஞ்சினியரிங் முடிந்து கணக்கு வழக்கு ஆரம்பிக்கிறது.

ஃபோர்டு மஸ்டாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1964 ஏப்ரலில் 2,368 டாலருக்கு வந்தது. அந்த விலைக்குக் கொடுக்க முடிந்ததற்குக் காரணம், அடியில் இருந்தது பெரும்பாலும் ஃபால்கன் என்ற சாதாரணக் குடும்பக் காரின் பாகங்கள். ஃபோர்டில் கிளாஸ் ஆர்னிங் என்ற சஸ்பென்ஷன் எஞ்சினியர் இருந்தார். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் மேல் கையின் ஆணியை ஒரு அங்குலம் கீழே இறக்கினால் போதும் என்பது அவர் போட்ட கணக்கு. வளைவில் கார் ஒரு பக்கம் சாயும்போது டயரும் சேர்ந்து சாய்ந்து, அதன் ஓரம் மட்டும் ரோட்டைத் தொடும். ஆணியை இறக்கினால் டயர் அந்த அளவுக்குச் சாயாது, ரோட்டை முழுசாகப் பிடிக்கும். வேண்டியது சில புது ஓட்டைகள், அவ்வளவுதான்.

கரோல் ஷெல்பி 1965-ல் செய்த ஜி.டி. 350-ல் இந்த மாற்றம் இருந்தது. அமெரிக்க எஸ்.சி.சி.ஏ. பந்தயத்தில் அந்தக் கார் 1965, 66, 67 என்று மூன்று வருடமும் பி-புரொடக்ஷன் பிரிவில் தேசிய சாம்பியன். ஆனால் கடையில் விற்ற ஜி.டி. 350-ல் 1966-லேயே அந்த வேலையைச் செலவு மிச்சம் என்று நிறுத்திவிட்டார்கள்.

ஒரு அங்குலத்தில் என்ன பெரிய மிச்சம் என்று தோன்றலாம். ஷெல்பியை விடுங்கள், சாதாரண மஸ்டாங் முதல் பன்னிரண்டு மாதத்தில் நாலு லட்சத்துக்கு மேல் விற்றது. ஒரு காருக்கு வெறும் ஐந்து டாலர் குறைத்தால் கூட மொத்தம் 20 லட்சம் டாலர். ஷோரூமில் நிற்பவர் எஞ்சின் சத்தத்துக்குக் காசு கொடுப்பார். ஆணி எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்க்கமாட்டார்.

"ஐரோப்பாவில் வந்து ஓட்டியிருந்தால் தெரிந்திருக்கும்" என்று யாராவது கேட்டால், அதற்கும் பதில் உண்டு. 1964-ல் டூர் டி ஃபிரான்ஸ் கார் பந்தயம், மலைப்பாதை எல்லாம் ஏறி இறங்கும் பல நாள் போட்டி. டூரிங் பிரிவில் அதுவரை ஜாகுவார் ராஜ்ஜியம். அந்த வருடம் முதலிடமும் இரண்டாமிடமும் மஸ்டாங். இங்கிலாந்தின் ஆலன் மான் குழு தயார் செய்த கார்கள் அவை. பந்தயத்துக்கு என்று செலவு செய்தவுடன் அதே வண்டி திரும்பிவிட்டது!

செவர்லே கதையும் இதேதான். டிரான்ஸ்-ஆம் பந்தயத்துக்காக 1967-ல் கமாரோ இசட்/28 வந்தது. கெட்டியான ஸ்பிரிங், முன்பக்கம் டிஸ்க் பிரேக், 302 கன அங்குல எஞ்சின். முதல் வருடம் விற்றது 602 கார்தான். 1968-ல் மார்க் டோனஹியூ அதில் 13 பந்தயங்களில் 10 ஜெயித்தார்.

இப்போது இன்றைக்கு வரலாம். 1990-களிலிருந்து அமெரிக்காவில் 'புரோ-டூரிங்' என்று ஒரு கூட்டம் வளர்ந்திருக்கிறது. மார்க் ஸ்டீலோ என்ற ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சினியர் அதில் பெரிய பெயர். 1969 கமாரோவை எடுப்பார்கள். அதன் முன்பக்க ஃபிரேம் போல்ட் போட்டு மாட்டியது, கழற்றிப் புதியதை வைப்பார்கள். பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுக் காயில் ஸ்பிரிங். இரும்பு எஞ்சினுக்குப் பதில் அலுமினிய எல்.எஸ். எஞ்சின், மூக்கில் கனம் குறையும். பெரிய டிஸ்க் பிரேக், அகலமான இந்தக் காலத்து டயர். எடை சுமார் 1,500 கிலோதான். இப்போதைய பி.எம்.டபிள்யூ எம்3 1,700 கிலோவைத் தாண்டும். 2024-ல் வந்த எம்5 ஹைப்ரிட், 2,400 கிலோவையே தாண்டிவிட்டது. கூம்பு நட்டு வளைத்து ஓட்டும் ஆட்டோகிராஸ் போட்டியில், நன்றாகச் செய்த கிழட்டுக் கமாரோ புத்தம் புது ஐரோப்பியக் காரை முந்துவதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

"இது போங்கு! மொந்தைதான் பழசு, கள் புதுசு" என்று பி.எம்.டபிள்யூ ரசிகர் கத்துவார். நியாயம்தான். தொழிற்சாலையிலிருந்து வந்த அப்படியே 1969 கமாரோவை நிறுத்தினால் இன்றைய எம்3 அதை ஊதித் தள்ளிவிடும். இப்படி ஒரு கமாரோ செய்யும் செலவில் புது எம்3 ஒன்றை வாங்கிவிட்டு மிச்சமும் வைக்கலாம். வாதம் ஜெயித்தாலும் பர்ஸ் தோற்றுவிடும்.

ஆனால் மாற்றியது எதை என்று பாருங்கள். டயர், ஸ்பிரிங், பிரேக், ஆணியின் இடம். காரின் உடம்பு, அதன் அகலம், சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரம் எல்லாம் அதேதான். அன்றைக்கே அதற்குள் ஒரு நல்ல கார் இருந்தது. காசு செலவழித்து அதை வெளியே கொண்டுவர ஆள் இல்லை. டயரும் எலக்ட்ரானிக்ஸும் அன்று கிடைக்காதவை, அதை மன்னிக்கலாம். ஆர்னிங்கின் ஒரு அங்குலம் அப்படி இல்லை. கையில் இருந்தும் கொடுக்காதது.

அதனால் அடுத்த முறை யாராவது "அமெரிக்கக் கார் திரும்பாது" என்று ஆரம்பித்தால் சண்டைக்குப் போக வேண்டாம். எந்த வருடத்து டயரில், யார் போட்ட பட்ஜெட்டில் என்று மட்டும் கேளுங்கள்.