மறுபடியும் மத்தி மீன்

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு சூரமங்கலத்து அம்மாயி கடல் மீன் வாங்குவதையே நிறுத்திவிட்டார். "பொணம் தின்ன மீனு" என்று தெருவே பேசியது. வதந்திக்கு நீச்சல் தெரியும் போல, சேலம் வரை வந்துவிட்டது!

அன்று காலை ஆறரை மணிக்கு சுமத்ரா அருகே 9.1 அளவில் கடலடி நிலம் குலுங்கியது. சில மணி நேரத்தில் நாகப்பட்டினத்துக்குள் அலை புகுந்தது. அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். படகைச் சரிசெய்து, வலையைத் தைத்து, பயத்தை விழுங்கிக்கொண்டு கடலுக்குப் போனவர்களுக்கு அடுத்த அடி: பிடித்த மீனை வாங்க ஆளில்லை.

"நீங்க வாங்குனாத்தானுங்க அவங்க ஊட்ல அடுப்பு எரியும்" என்றார் மீன்கடைக்காரர். அம்மாயி ரொம்ப நேரம் நின்றார். பிறகு, "அரைக்கிலோ மத்தி போடு."

கழுவும்போது ஒவ்வொரு மீனின் வயிற்றையும் கீறிப் பார்த்ததும் உண்மைதான். குழம்பை முதலில் சாப்பிட்டதும் அவர்தான். பேரப்பிள்ளைகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.