48 மணித்தியாலங்கள்

எங்கள் சிறு நகரத்தில் குளிர்காலம் வாராந்தப் பத்திரிகையின் மூன்றாம் பக்கத்தில்தான் தொடங்கும். ஒக்டோபர் முடிவதற்குள் நகர சபையின் அறிவித்தல் அங்கே வந்துவிடும். நவம்பர் முதலாம் திகதியிலிருந்து மார்ச் முடியும்வரை நள்ளிரவுக்குப் பிறகு வீதியோரத்தில் கார் நிறுத்தக் கூடாது. வாசலில் அள்ளிய பனியை வீதியில் கொட்டக் கூடாது. தீயணைப்புக் குழாயைப் பனி மூட விடக் கூடாது. அதற்குக் கீழே சிறு செய்திகள் இருக்கும். தேவாலய மண்டபத்தில் சனிக்கிழமை சூப்பும் பாணும், நூலகத்தில் பிள்ளைகளுக்கான பழைய குளிருடுப்புகள், புயல் காரணமாக அடுத்த வாரத்துக்குப் பிற்போடப்பட்ட ஒருவரின் மரணச் சடங்கு. நான் ஆங்கிலம் வாசிக்கப் பழகியது இந்தப் பக்கத்தில்தான். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசிப்பேன்.

2001ஆம் ஆண்டு இரண்டு பிள்ளைகளோடு கனடாவுக்கு வந்தேன். கணவர் அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே இல்லை. அதைப் பற்றி இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் சகோதரிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ரொறன்ரோவில் வாடகை கட்டுப்படியாகவில்லை. வடமேற்கே, ஹியூரன் ஏரியின் ஜோர்ஜியன் விரிகுடாப் பக்கமாக உள்ள ஒரு சிறு நகரத்தில் முதியோர் பராமரிப்பு இல்லமொன்றின் சமையலறையில் வேலை கிடைத்தது. அங்கே தமிழ்க் குடும்பங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

பனி என்றதும் ஊரில் நமக்கு மார்கழிக் காலையில் வேலியில் துளித்து நிற்கும் பனிதான் நினைவில் வரும். வெயில் ஏற அது போய்விடும். இங்குள்ளவர்கள் ஸ்னோ என்று சொல்வது பஞ்சு போல விழுந்து, கல்லாக இறுகி, சித்திரை வரைக்கும் போகாது. எங்கள் பக்கத்துக்கு அது கூடுதலாகவே வரும். ஏரி உறைவதற்கு முன் வடமேற்கிலிருந்து அடிக்கும் கடுங்குளிர்க் காற்று, ஏரித் தண்ணீரின் இளஞ்சூட்டையும் ஈரத்தையும் வாரிக்கொண்டு வந்து, கரை ஏறியதும் கொட்டித் தீர்த்துவிடும். ஒரு தெரு வெயிலில் இருக்க அடுத்த ஊர் முழங்கால் வரை புதைந்திருக்கும். ஏரி உறைந்த பிறகுதான் கொஞ்சம் ஓய்வு. வீதிக்குப் போடும் உப்பும் அந்த ஏரிக்கு அடியிலிருந்துதான் வருகிறது. கொடரிச் என்ற ஊரில் ஹியூரன் ஏரிக்குக் கீழே ஏறத்தாழ 550 மீற்றர் ஆழத்தில் உப்புச் சுரங்கம் இருக்கிறது. உலகிலேயே பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் அதுதான். ஆனையிறவு உப்பளத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு, உப்பை லொறியில் ஏற்றி வீதியில் கொட்டுகிறார்கள் என்பதை ஏற்கவே சில காலம் எடுத்தது. குளிர் பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பாகையைத் தாண்டினால் உப்பின் வேலையும் குறைந்துவிடும். பிறகு மணல்தான். அது பனியைக் கரைக்காது, காலுக்குப் பிடி மட்டும் கொடுக்கும்.

என் வேலை காலை ஆறு மணிக்குத் தொடங்கும். வயதானவர்களுக்குக் கஞ்சியும் முட்டையும் ஏழரைக்குள் மேசைக்குப் போக வேண்டும். ஐந்து மணிக்கு வெளிக்கிட்டு பஸ் தரிப்பிடத்துக்குப் பத்து நிமிடம் நடப்பேன். பஸ்ஸால் இறங்கி இன்னும் பதினைந்து நிமிடம். பனி கொட்டிய நாளில் அந்த நேரத்துக்கு வீதி கறுப்பாகத் துலங்கும். இரவிரவாக லொறிகள் முன்னால் பெரிய அலகைப் பூட்டிக்கொண்டு பனியைத் தள்ளிவிட்டுப் போயிருக்கும். தள்ளிய பனி எங்கே போகும்? வீதியோரத்துக்கு, அதாவது நடைபாதைக்குமேல். இடுப்பளவு வரம்பாகக் கிடக்கும். ஒன்றில் அந்த வரம்பில் ஏறிப் புதைந்து நடக்க வேண்டும், இல்லாவிட்டால் இருட்டில் காரோடு காராக வீதியால் நடக்க வேண்டும். நானும் என்னோடு வேலை செய்த பெண்களும் வீதியால்தான் நடந்தோம். காரில் வருபவர்கள் ஹோர்ன் அடித்துத் திட்டிக்கொண்டு போவார்கள்.

நடை எனக்குப் புதிதல்ல. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, மழைக்குள் ஒரு பிள்ளையை இடுப்பிலும் மற்றதைக் கையிலும் பிடித்துக்கொண்டு வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு நடந்தவர்களில் நானும் ஒருத்தி. அந்த நடைக்கு யாரிடமும் முறையிட முடியவில்லை. இங்கே முறையிட ஓர் இடம் இருந்தது. அது எங்கே என்று தெரிந்துகொள்ளத்தான் இருபது வருடம் போயிற்று.

2022ஆம் ஆண்டு ஜனவரியில் என்னோடு சலவைப் பகுதியில் வேலை செய்த பிலிப்பைன்ஸ் பெண், அந்தப் பனி வரம்பிலிருந்து இறங்கும்போது சறுக்கி விழுந்தாள். மேலே புதுப் பனி, கீழே கண்ணாடி போல உறைந்த பழைய பனி. வலது கை மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. மணித்தியாலச் சம்பளத்தில் வேலை செய்பவளுக்குக் கை முறிந்தால் ஊரில் இருக்கும் தாய்க்குப் பணம் போகாது. மூன்று வாரம் கழித்து ஒருவர் சொல்லித்தான் எங்களுக்கு ஒரு சட்டம் தெரியவந்தது. ஒன்ராறியோவில் நடைபாதைப் பனியில் விழுந்து காயப்பட்டவர் நட்டஈடு கேட்க விரும்பினால், பத்து நாட்களுக்குள் நகர சபைக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். அதற்குப் பிறகும் சபை மிகப் பாரதூரமாகக் கவலையீனமாக இருந்தது என்று காட்ட வேண்டும். பத்து நாளில் அவளுக்குக் கையில் பேனாவே பிடிக்க முடியவில்லை. இந்த அறிவித்தல் எந்தப் பக்கத்திலும் வந்ததாக நான் காணவில்லை. கார் நிறுத்தக் கூடாது என்பது மட்டும் ஒவ்வொரு வருடமும் பெரிய எழுத்தில் வரும்.

நகர சபைக்குத் தொலைபேசி எடுத்தேன். பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். "சட்டப்படி செய்கிறோம் அம்மணி" என்றார். என்ன சட்டம் என்று நூலகத்தில் கேட்டேன். நூலகப் பெண் எடுத்துத் தந்த தாள் இன்னமும் என்னிடம் இருக்கிறது. மாகாண அரசு வீதிகளை வாகனப் போக்குவரத்தையும் வேக எல்லையையும் கொண்டு வகுப்புப் பிரித்திருக்கிறது. முதலாம் வகுப்பு வீதியில் இரண்டரை சென்ரிமீற்றர் பனி சேர்ந்தால் நான்கு மணித்தியாலத்துக்குள் அகற்ற வேண்டும். ஐந்தாம் வகுப்பு வீதிக்குப் பத்து சென்ரிமீற்றர், 24 மணித்தியாலம். நடைபாதைக்கு 2018ஆம் ஆண்டு வரை அந்தத் தாளில் அளவே இல்லை. 2018இல் சேர்த்தார்கள்: எட்டு சென்ரிமீற்றர், 48 மணித்தியாலம். இது ஆகக் குறைந்த அளவுதான், விரும்பும் நகரம் இதைவிட விரைவாகச் செய்யலாம். ஆனாலும் கார் ஓடுகிற வீதிக்கு நான்கு மணித்தியாலம், கால் நடக்கிற பாதைக்கு இரண்டு நாள் என்பதை வாசித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அந்த இரண்டு நாளில் நான் நான்கு தடவை அந்த வழியால் போய் வந்துவிடுவேன்.

பின்னேரம் மகளிடம் இதைச் சொன்னேன். அவள் அப்போது பல்கலைக்கழகம் முடித்து வீட்டில் இருந்தாள். "அம்மா, நீங்கள் சொல்லுறதையே ஒரு புத்தகத்திலை எழுதியிருக்கினம்" என்று சொல்லி ஒரு புத்தகத்தை எடுத்துவந்தாள். கரோலின் கிரியாடோ பெரேஸ் என்ற பெண் 2019இல் எழுதியது. அதன் முதல் அத்தியாயமே பனி அகற்றுவதைப் பற்றியது. சுவீடனில் கார்ல்ஸ்கூகா என்று ஒரு சிறு நகரம். 2011ஆம் ஆண்டில் அந்த நகர நிர்வாகம் தனது ஒவ்வொரு வேலையையும் ஆண் பெண் சமத்துவக் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. அப்போது ஓர் அதிகாரி, பனி அகற்றுவதிலாவது இந்தச் சமத்துவக்காரர் மூக்கை நுழைக்க மாட்டார்கள் என்று பகிடியாகச் சொன்னாராம். பகிடி மற்றவர்களை யோசிக்க வைத்துவிட்டது. எல்லா ஊரையும் போலவே அங்கேயும் பெரிய வீதிகள் முதலில், நடைபாதைகள் கடைசியில். பெரிய வீதியால் காரில் வேலைக்குப் போகிறவர்களில் ஆண்கள் அதிகம். பிள்ளையைப் பராமரிப்பு நிலையத்தில் விட்டு, பஸ் ஏறி, வயதான தாயைப் பார்த்து, கடைக்குப் போய் வருகிறவர்களில் பெண்கள் அதிகம். மூன்று அங்குலப் பனியில் கார் ஓடும், குழந்தை வண்டி தள்ள முடியாது. வழுக்கும் காலத்தில் வாகனத்தில் போகிறவர்களைவிட நடக்கிறவர்கள் மூன்று மடங்கு அதிகமாகக் காயப்படுகிறார்கள் என்று சுவீடனில் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். அதனால் அந்த நகரம் வரிசையை மாற்றி, நடைபாதையையும் பஸ் வழியையும் முதலில் துப்புரவாக்கியது. அதே லொறி, அதே ஆட்கள், மேலதிகச் செலவு இல்லை.

கார்ல்ஸ்கூகா எது தெரியுமா? போஃபர்ஸ் பீரங்கி செய்த ஊர். அந்தப் பெயரை நம்மில் பலர் வேறு விதமாகக் கேட்டிருப்போம். அந்த ஊரிலிருந்து எங்களுக்கு ஒரு நல்ல சேதி வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

பெப்ரவரியில் பராமரிப்பு இல்லத்துப் பெண்கள் பதினொரு பேர் சேர்ந்து கடிதம் எழுதினோம். சமையல், சலவை, தாதிமாருக்கு உதவி செய்வோர், எல்லோரும் நடந்து வருபவர்கள். கடிதத்தில் குறையை மட்டும் எழுதாமல் பஸ் தரிப்பிடத்திலிருந்து இல்லம் வரையான வரைபடத்தையும் வைத்தோம். எந்த இடத்தில் எத்தனை மணிக்கு எத்தனை பேர் நடக்கிறார்கள் என்று இரண்டு கிழமை நாங்களே எண்ணிக் குறித்தோம். இந்த யோசனை மகளுடையது. வீதிக்கு வாகனத்தை எண்ணி வகுப்புப் போடுகிறார்கள், நடக்கிறவர்களை ஒருவரும் எண்ணவில்லை, ஆகவே நாங்கள் எண்ணுவோம் என்றாள். கடிதத்தை வாராந்தப் பத்திரிகை அந்த மூன்றாம் பக்கத்தில் போட்டது. நான் அகராதி வைத்து வாசித்த பக்கத்தில் என் பெயர் அச்சில் வந்ததை வெட்டி வைத்திருக்கிறேன்.

சபைக் கூட்டத்தில் பொதுமக்கள் முன்கூட்டிப் பதிந்தால் ஐந்து நிமிடம் பேசலாம். கைமுறிந்த தோழியும் கட்டோடு வந்து பக்கத்தில் இருந்தாள். என் ஆங்கிலம் எப்படிப்பட்டது என்பது எனக்குத் தெரியும். அதனால் எழுதி வாசித்தேன். ஓர் உறுப்பினர், 2016 நவம்பரில் சுவீடனின் தலைநகர் ஸ்டொக்ஹோமில் பெரும் பனி கொட்டியபோது நகரமே முடங்கிப் போனதையும், இந்தச் சமத்துவ முறையைப் பலர் கேலி செய்ததையும் எடுத்துச் சொன்னார். அவர் சொன்னது நடந்ததுதான். அன்று கொட்டியது அந்த நகரம் நவம்பர் மாதத்தில் நூறு வருடத்துக்கு மேலாகக் காணாத பனி. எந்த வரிசையில் தள்ளியிருந்தாலும் திணறியிருப்பார்கள் என்று மகள் தயார் செய்து தந்த பதிலைச் சொன்னேன். அவர் சிரித்தார். ஏற்றுக்கொண்டாரா என்று தெரியாது.

அடுத்த குளிர்காலத்தில் பஸ் தரிப்பிடத்திலிருந்து இல்லத்துக்குப் போகும் நடைபாதை முதல் வரிசையில் வந்தது. சிறிய உழவு இயந்திரம் ஒன்று காலை ஐந்தரைக்கு முன் அந்த வழியால் போகும். நான் இருக்கும் மாடிக் குடியிருப்பைச் சுற்றியுள்ள பாதைக்கு இன்னமும் பழைய 48 மணித்தியாலம்தான். அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் தனித்த தாய்மாரும் கிழவிகளும்.

2023 செப்டெம்பரில் ஒன்ராறியோவில் எழுபதுக்கு மேற்பட்ட வாராந்தப் பத்திரிகைகள் ஒரே நாளில் அச்சை நிறுத்தின. எங்களுடையதும் போயிற்று. இப்போது எல்லா அறிவித்தலும் கைத்தொலைபேசியில். பிள்ளைகளின் பாடசாலை பஸ் ஓடாது என்பதும், எந்த வீதி மூடப்பட்டது என்பதும், மின்சாரம் போனால் சூடு காயத் திறந்திருக்கும் மண்டபம் எது என்பதும் அதில்தான். எங்கள் கட்டிடத்தில் மூன்றாம் மாடிக் கிழவிக்கு வீட்டுத் தொலைபேசி மட்டுமே உண்டு. முதல் புயலுக்கு மருந்துக்கடை திறந்திருக்கும் என்று நினைத்து வெளிக்கிட்டு வாசல்வரை வந்துவிட்டார். அன்றிலிருந்து நான் ஒரு கொப்பியில் ஏழு பேரின் இலக்கங்களை எழுதி வைத்திருக்கிறேன். புயல் அறிவித்தல் வந்தால் இரவு எட்டு மணிக்குள் ஏழு பேருக்கும் எடுத்துச் சொல்வேன். அவர்களில் இருவர் வேறு நான்கு பேருக்குச் சொல்வார்கள். நாளைக்குக் காலை வெளியே போகாதேயுங்கோ, மருந்து இருக்கா, பாண் இருக்கா, இவ்வளவுதான் பேச்சு. சிலபேர் அரைமணித்தியாலம் விடமாட்டார்கள். அதுவும் பரவாயில்லை.

ஊரில் உள்ள தங்கை போன கிழமை தொலைபேசியில், பெரிய வீதிக்கெல்லாம் காபெற் போட்டாயிற்று, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற ஒழுங்கை மாரிக்கு முழங்கால் சேறு என்றாள். பிரதேச சபைக்குச் சொன்னீர்களா என்று கேட்டேன். சங்கத்தில் கதைத்தோம் என்றாள். எத்தனை பேர் அந்த ஒழுங்கையால் நடக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கச் சொன்னேன். "உங்களுக்கு அங்கை இருந்துகொண்டு பகிடி அக்கா" என்றாள். பிறகு கொஞ்சம் பொறுத்து, காலையிலா பின்னேரமா எண்ணுவது என்று கேட்டாள்.

இங்கே பனி தள்ளும் வரிசையை ஜனவரியில் மாற்ற மாட்டார்கள். ஆட்களும் உப்பும் லொறியும் அதற்கு முன்பே ஒதுக்கி முடிந்துவிடும். குளிர்காலத் திட்டம் இலையுதிர் காலத்தில்தான் சபைக்கு வரும். எங்கள் மாடிக் குடியிருப்புப் பாதைக்கான கடிதத்தை இந்தமுறை செப்டெம்பரிலேயே கொடுக்கப் போகிறோம். எண்ணும் வேலையை மூன்றாம் மாடிக் கிழவி கேட்டு வாங்கியிருக்கிறார். அவரது யன்னலிலிருந்து பார்த்தால் பாதை முழுவதும் தெரியும்.