பால்தேத்தண்ணி நிறத்தில் ஒயில்

திங்கட்கிழமை எங்கள் உணவகத்துக்கு விடுமுறை. அன்று காலையில் பொரிக்கும் எண்ணெயை மாற்றுவது என் பொறுப்பு. தொட்டியின் அடியிலுள்ள குழாயைத் திறந்தால், ஒரு கிழமை முழுக்க உருளைக்கிழங்கு பொரித்த எண்ணெய் கறுத்து இறங்கும். கோப்பை கழுவத் தொடங்கி, வெங்காயம் உரித்து, இப்போது எண்ணெய்க்கு அதிபதியாகியிருக்கிறேன். பத்து வருடத்துக்கு மேற்பட்ட அகதி வாழ்வில் இவ்வளவு முன்னேற்றம் போதாதா?

போன இலையுதிர் காலத்தில் வேறொரு எண்ணெயும் என் தலையில் விழுந்தது.

உணவகம் இருப்பது கிளெர்மோன் ஃபெராண் நகரத்துக்கு வெளியே, பியூய் து தோம் மலை தெரிகிற ஒரு கிராமத்தில். சமையலறைக் கழிவுநீருக்குப் புதிதாக ஒரு கொழுப்புத் தொட்டி புதைக்க வேண்டியிருந்தது. முதலாளியின் மாமனாரிடம் ஒரு பழைய ஜேசிபி 3சிஎக்ஸ் நின்றது. அந்த மொடல் 1980இல் வந்தது. இது அதற்குச் சில வருடம் பிந்தியதாக இருக்கலாம். மஞ்சள் நிறம் போய்த் துருவும் பாசியுமாக நின்றது. பிரெஞ்சுக்காரர் இதனை டிராக்டோபெல் என்பார்கள். எங்களுக்குப் பெக்கோ. கிழவர் அதை ஸ்ராட் செய்தபோது பின் கை நடுங்கி நடுங்கி மேலே போய், பாதி வழியில் நின்றுவிட்டது. பம் அழுகிற சத்தம் கேட்டது. மெக்கானிக்கைக் கூப்பிட்டால் வரும் செலவைச் சொல்லி முதலாளி வாயைப் பிதுக்கினார்.

"எனக்குத் தெரியும்," என்றேன். என்ன துணிவில் சொன்னேனோ தெரியாது.

ஒயில் அளவு பார்க்கும் கண்ணாடிக்குள் பால்தேத்தண்ணி மாதிரி ஒரு நிறம். நல்ல ஹைட்றோலிக் ஒயில் தேன் நிறத்தில், மறுபக்கம் தெரியும்படி இருக்க வேண்டும். பால் நிறம் என்றால் தண்ணீர் கலந்திருக்கிறது. காரணத்தைத் தேட நெடுநேரம் ஆகவில்லை. தாங்கியின் மூடி எப்போதோ தொலைந்துபோய், அதன் இடத்தில் ஒரு பொலித்தீன் பை கம்பியால் கட்டப்பட்டிருந்தது. எத்தனை மழை, எத்தனை பனி உள்ளே போயிருக்கும்!

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நான் பௌதிகம் படித்தது இரண்டாம் வருடத்தோடு நின்றுபோயிற்று. ஏன் என்பதை அகதி மனுவில் விரிவாக எழுதியாயிற்று, இங்கே வேண்டாம். ஆனால் பஸ்காலின் விதி மறக்கவில்லை. அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசையிலும் குறையாமல் போகும். 10 சென்ரிமீற்றர் விட்டமுள்ள சிலிண்டரில் 200 பார் அழுத்தம் இருந்தால் ஏறத்தாழ 16 தொன் விசை. ஓர் ஓடர் துண்டின் பின்புறத்தில் கணக்குப் போட்டு முதலாளிக்குக் காட்டினேன். பஸ்கால் 1623இல் பிறந்தது இதே கிளெர்மோனில்தான் என்றும் சொன்னேன். கோப்பை கழுவ வந்தவன் பஸ்காலைப் பற்றிச் சொல்வதை அவர் ஒருமாதிரியாகப் பார்த்தார். அந்தப் பார்வைக்காகவே சொன்னேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

விதி தெரிந்தால் போல்ற் கழன்றுவிடுமா? சித்தப்பாவை அழைக்க வேண்டியிருந்தது.

சித்தப்பாவோடு நான் கதைத்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. சண்டை எதுவுமில்லை. 2011இல் மீள்குடியேற்றம் நடந்து, வன்னியில் வீடுகளும் றோட்டுகளும் கட்டிக்கொண்டிருந்த நேரம், அவர் லீசிங்கில் ஒரு பழைய பெக்கோ வாங்கினார். அவர் வாழ்க்கையில் சொந்தமாக வாங்கிய ஒரே மெசின் அது. 2014இல் அதை விற்றுத்தான் என் ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்டினார். இன்றைக்கும் வேறொருவரின் மெசினில் நாட்சம்பளத்துக்கு ஓடுகிறார். நான் அனுப்பியது பாதிக்கும் குறைவு. கடன்காரன் எந்த முகத்தோடு போன் எடுப்பான்?

வட்ஸ்அப்பில் முகம் தெரிந்தது. தலை நன்றாக நரைத்திருந்தது. சுகம் விசாரித்து முடிய முன்னரே கமராவைப் பெக்கோ பக்கம் திருப்பினேன். மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"டேய் தம்பி, உது பழைய பெட்டியல்லோ! ஸ்ராட் பண்ணு பாப்பம். போனைப் பம்முக்குக் கிட்டப் பிடி."

கேட்டார். நிற்பாட்டச் சொன்னார்.

"பம் இன்னும் சாகேல்லை. உறிஞ்சிற பக்கத்து வலை அடைச்சுப்போச்சு, அதுதான் அழுகுது. இண்டைக்கு ஒண்டும் கழட்டாதை. இரவு முழுக்க ஆறவிடு. தண்ணி அடியிலை இறங்கி நிக்கும். காலமை அடிப் போல்ற்றைக் கொஞ்சமாத் தளத்தி முதல் தண்ணியை எடு. பிறகு ஓடவிட்டுச் சூடாக்கி, எல்லாச் சிலிண்டரையும் எவ்வளவு ஏலுமோ உள்ளுக்கு இழு. வாளியை நிலத்திலை வை. எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு லீவருகளை முன்னுக்குப் பின்னுக்கு ஆட்டு, அழுத்தம் போகட்டும். அதுக்குப் பிறகுதான் ஸ்பனரைத் தொடு."

அடுத்த நாள் மதியம் வரைக்கும் எனக்கு வேலை இல்லை. அவர் சொன்னபடியே செய்தேன். முதலில் இறங்கியது கலங்கிய தண்ணீர், இரண்டு லீற்றர் இருக்கும். பிறகு சூடாக்கிக் கழற்றியதும் பால்தேத்தண்ணி மொத்தமாகக் கொட்டியது. சமையலறையிலிருந்து கொண்டுவந்த எண்ணெய்ப் பீப்பாய்கள் காணாமல் போய், கிழவரின் திராட்சைரசப் பீப்பாய் ஒன்றும் பலியானது. வலையில் கறுப்புக் களியும் றப்பர்த் துகளும். திரும்பிவரும் பக்கத்து பில்ரரை மாற்றினோம். தாங்கிக்குள் கைவிட்டு நூல் உதிராத துணியால் துடைத்தேன். பிறகு 46 இலக்க ஒயில். 40 பாகையில் அதன் பிசுக்குமை 46 என்பதுதான் அந்த இலக்கத்தின் பொருள். புனலில் வலை போட்டு ஊற்றி, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, ஒவ்வொரு லீவராக ஆட்டிக் காற்றை வெளியேற்றினேன். அரை மணித்தியாலத்தில் புது ஒயிலும் மங்கலாகியது. நான் சோர்ந்துபோனேன்.

"உது வழமைதான்," என்றார் சித்தப்பா. "தாங்கியிலை இருக்கிறதைத்தான் நீ எடுத்தனி. சிலிண்டருக்குள்ளையும் குழாய்க்குள்ளையும் பழசு இன்னும் கிடக்கு. ரண்டு மூண்டு நாள் ஓடிப்போட்டு இன்னொருக்கா மாத்து. ஒரேயடியாக் கழுவேலாது."

அப்போது பின் கைக்குப் போகும் குழாய் ஒன்றில் ஈரம் கசிவதைக் கண்டேன். எங்கே என்று தடவிப் பார்க்கக் கையை நீட்டினேன்.

"கையை எடடா!"

போன் அதிர்ந்தது. அப்படி அவர் கத்தி நான் கேட்டதில்லை.

"மட்டை ஒண்டு எடுத்துப் பிடி. கையாலை தேடாதை. ஊசித்துளையாலை வாற ஒயில் தோலைத் துளைச்சு உள்ளுக்குப் போயிடும். முதல் ஒரு நோவும் இராது. ஆறு ஏழு மணித்தியாலத்திலை கை வீங்கும்." கொஞ்சம் பேசாமல் இருந்தார். பிறகு இடது கையைக் கமராவுக்கு முன்னால் பிடித்தார். சுட்டுவிரல் பாதியில் நின்றது.

"இது எப்பிடிப் போனதெண்டு நினைச்சனீ?"

2008 கடைசியில், இடம்பெயர்ந்து மரத்தடியில் நடந்த ஆஸ்பத்திரியில் அந்த விரலை வெட்டினார்கள். ஷெல் என்றுதான் வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். எனக்கு அப்போது பதினெட்டு வயது, நானும் நம்பினேன். நம்பியது மட்டுமல்ல, என் அகதி மனுவின் மூன்றாம் பக்கத்தில், "எனது சித்தப்பா ஷெல் வீச்சில் விரலை இழந்தார்" என்று எழுதியிருக்கிறேன். மொழிபெயர்ப்பாளர் அதைப் பிரெஞ்சில் வாசித்தபோது விசாரணை அதிகாரி தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டதும் நினைவிருக்கிறது.

"அப்ப ஏன் ஷெல் எண்டு சொன்னனீங்கள்?"

"சனம் பங்கருக்கு வரிசையிலை நிக்குது. இருட்டுக்குள்ளை தோண்டிக்கொண்டிருக்கிறன். குழாய் கசியுது, லைற் போடேலாது, கையாலைதான் தேடினனான். சுத்திவர ஷெல் விழுகுது. இதிலை எதையெண்டு சொல்லுறது?"

எனக்குப் பதில் வரவில்லை. மனுவில் எழுதியது பொய்யா, உண்மையா? அன்று இரவு கோப்பைகளை அடுக்கும்போதும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். காசைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

குழாயைப் புதிதாகப் போட்டோம். ஒரு கிழமை கழித்து இரண்டாம் முறை ஒயில் மாற்றினேன். இம்முறை கண்ணாடிக்குள் தேன் நிறம். பின் கை நடுக்கமில்லாமல் மேலே போனது. கொழுப்புத் தொட்டிக்கான குழியைக் கிழவர்தான் தோண்டினார். பழைய ஒயிலைக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தோம், பொரித்த எண்ணெய்க்கு ஒரு தொட்டி, இதற்கு வேறொரு தொட்டி.

சித்தப்பாவுக்கு வீடியோ அனுப்பினேன். உடனே எடுத்தார்.

"எல்லாம் சரி. மூடி வாங்கினியோ, இல்லை இன்னும் பொலித்தீன் பைதானோ?"

மூடி இன்னும் வரவில்லை என்றேன். நல்லாக ஏசினார்.