கேஷும் காசும்

நான் வேலை பார்த்த அலுவலகத்தில் நடந்த சண்டைகளில் பாதி சம்பளத்துக்காக. மீதிப் பாதி ஒன்றுமில்லாததற்காக. 'கேஷ்' என்ற சொல்லுக்காக மூண்டது இரண்டாவது ரகம்.

கணக்குப் பிரிவில் இருவர். ஒருவர் தமிழ்ப்பற்றில் ஊறியவர். "கேஷ் நம்ம காசுதான்யா, வெள்ளைக்காரன் தூக்கிட்டுப் போயிட்டான்" என்றார். மற்றவர் ஆங்கில நாவல்களைப் படித்துத் தள்ளுகிறவர். "அது பிரெஞ்சுலேருந்து வந்தது சார். காதுக்கு ஒத்துப்போனா சொந்தமாயிடுமா?" என்றார். அப்போது நான் சின்னப் பையன். யார் ஜெயித்தாலும் எனக்கொரு டிபன் உண்டு என்று இரண்டு பேரிடமும் தனித்தனியாகப் பேசிவைத்துக்கொண்டு, இரு பக்கமும் எண்ணெய் ஊற்றினேன். கடைசியில் பேச்சுவார்த்தை நின்றுபோய், பேரேடுகூட என் கை வழியாகத்தான் மேசை மாறியது.

ஹெட் கிளார்க் ஓய்வு பெறும் வயதில் இருந்தவர். ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தடித்த அகராதி ஒன்றை நாவல்காரர் முன்னால் வைத்து, "சத்தமாப் படிங்க" என்றார். லத்தீனில் 'காப்சா' என்றால் பெட்டி. அது இத்தாலிய மொழியிலும் பிரெஞ்சிலும் உருமாறி, பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குள் 'கேஷ்' ஆக நுழைந்தது. முதலில் பணம் வைக்கும் பெட்டிக்குத்தான் அந்தப் பெயர். நம்மூர்க் கல்லாப்பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பெட்டி நழுவிப்போய், உள்ளே இருந்த பணத்துக்கே பெயர் நின்றுவிட்டது. சோடா பாட்டில் அடுக்கும் 'கேஸ்', மருந்து 'கேப்ஸ்யூல்' எல்லாம் இதற்குப் பங்காளிகள்.

நாவல்காரர் வெற்றியோடு அகராதியை மூடப் போனார். "அவசரப்படாதீங்க, அதுக்குக் கீழேயும் படிங்க" என்றார் பெரியவர். கீழே இன்னொரு 'கேஷ்'. எழுத்து அதேதான், பிறப்பு வேறு. தமிழ்க் காசு போர்த்துகீசியர் வாயில் 'கைஷா' ஆகி, ஆங்கிலத்தில் 'கேஷ்' ஆனது. தென்னிந்தியச் செப்புக்காசுக்கும், நடுவில் சதுர ஓட்டை போட்ட சீன நாணயத்துக்கும் ஐரோப்பியர் வைத்த பெயர் அது. தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னெலும் ஹென்றி யூலும் தொகுத்து 1886-ல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியிலும் இந்தச் சேதி உண்டு. மதராஸில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1818-ல் ரூபாய் வரும்வரை இதுதான் கணக்கு.

பின்னாளில் அப்படியொரு நாணயத்தைக் கையில் வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் சிங்கங்களும் 1808 என்ற ஆண்டும். மறுபக்கம் பாரசீக எழுத்து. அதன் கீழே ரோமன் எண்ணில் இருபது போட்டு 'கேஷ்'. மதராஸுக்காகப் பர்மிங்ஹாமில் அச்சடித்தது. இப்படிப்பட்ட நாணயங்களை பீப்பாய் பீப்பாயாக ஏற்றிவந்த 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல், 1809-ல் இங்கிலாந்துக் கரையைத் தாண்டுமுன்பே குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. நம்மூர்ச் சந்தைக்கு வரவேண்டிய காசு அந்த ஊர்க் கடலடியில் கிடந்தது.

அன்று தீர்ப்பு என்று பெரியவர் எதுவும் சொல்லவில்லை. தமிழ்க்காரர் பக்கத்து நியாயத்தை நாவல்காரர் வாயாலேயே படிக்க வைத்தார். இருவருக்கும் டீ வாங்கிவரச் சொன்னார். யார் முகமும் வாடவில்லை. எனக்குத்தான் இரண்டு பக்கத்து டிபனும் போயிற்று.

அந்தச் சாமர்த்தியம் எனக்குப் புரிய வருஷங்கள் ஆயின. வீட்டில் சிக்கனம் பற்றி மகனும் மருமகளும் முட்டிக்கொள்வார்கள். அவனுக்குச் சிக்கனம் என்றால் வாங்காமலிருப்பது. அவளுக்கு வாங்கியதை வீணாக்காமலிருப்பது. முன்பெல்லாம் உடனே ஒரு பக்கம் சாய்ந்துவிடுவேன். இப்போது, "நீ எதைச் சொல்றே? நீ எதைச் சொல்றேம்மா?" என்று இருவரையும் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிறேன். பாதிச் சண்டை அதிலேயே அடங்கிவிடுகிறது. மீதிப் பாதி நிஜச் சண்டை. அதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.