லோலோ கணவாயில் தக்காளி

அருவிக்குப் போவதா, விளக்குக் கம்பத்துக்குப் போவதா என்பதில்தான் எனக்கும் தம்பி மகளுக்கும் சண்டை வந்தது. தம்பி குடும்பம் ஒரேகான் மாநிலத்தில், போர்ட்லாண்டை ஒட்டிய ஹில்ஸ்பரோவில் இருக்கிறது. நான் தென்காசிக்காரி. மல்ட்னோமா அருவி 189 மீட்டர் உயரம் என்று கேள்விப்பட்டதிலிருந்து, அதைக் குற்றாலத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தே தீர வேண்டும் என்றிருந்தேன். குளிக்க விடாத அருவி என்ன அருவி என்ற எண்ணம் மனசுக்குள் முன்கூட்டியே தயாராக இருந்தது. அவளோ என்னை ஒரு பல்பொருள் அங்காடியின் கார் நிறுத்தத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“அருவி எங்கேயும் ஓடிப்போகாது அத்தை. இந்த டப்பியை யாராவது எடுத்துட்டா அவ்வளவுதான்.”

அங்கே விளக்குக் கம்பங்கள் கான்கிரீட் மேடையில் போல்ட்டு முடுக்கி நிற்கின்றன. போல்ட்டுகளை மறைக்க அடியில் ஒரு தகர மூடி. சாமான்களைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர் கிளம்பும்வரை காத்திருந்துவிட்டு, அவள் அந்த மூடியைத் தூக்கினாள். உள்ளே பழைய கேமரா ஃபிலிம் டப்பி. டப்பிக்குள் சுருட்டிய காகிதம், அதில் பொடிப் பொடியாகப் பெயர்களும் தேதிகளும். தன் பெயரையும் எழுதி, சுருட்டி, இருந்த இடத்திலேயே வைத்தாள். அவ்வளவுதான் விளையாட்டு. இதற்காகவா அருவியை விட்டோம் என்று எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

ஆனால் இந்த ஜியோகேச்சிங் பிறந்ததே இந்த மாநிலத்தில்தான் என்று வழியில் அவள் சொன்ன கதை என்னைப் பிடித்துக்கொண்டது. பொதுமக்களுக்குக் கிடைக்கும் ஜிபிஎஸ் தகவலை அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்திருந்தது. நாம் நிற்கும் இடத்தை நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். அந்த மறைப்பை 2000 மே 1 நள்ளிரவோடு கிளின்டன் அரசு நீக்கியது. மே 3 அன்று, டேவ் உல்மர் என்ற கணினி ஆலோசகர் பீவர்கிரீக் ஊருக்கு அருகே சாலையோரக் காட்டில் ஒரு வாளியைப் பாதி புதைத்தார். அதற்குள் புத்தகங்கள், கணினி மென்பொருள், ஒரு கவண், ஒரு டின் அவரை விதை. பிறகு அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் எழுதிப் போட்டார். கண்டுபிடிப்பவர் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒன்றை வைத்துவிட்டு வர வேண்டும். இன்று உலகெங்கும் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் ஒளிந்திருக்கின்றன. உல்மர் வாளி வைத்த இடத்தையும் போய்ப் பார்த்தோம். நினைவுப் பலகை ஒன்று, ஃபர் மரங்கள், சாலை. பனிமூடிய ஹூட் சிகரம் பக்கத்திலேயே இருக்க, மனிதர் இந்தச் சாதாரண சாலையோரத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்பது எனக்குப் பிடித்துப்போனது.

அதற்குப் பிறகு என் கண் மாறிவிட்டது. நூலக வாசலின் பெஞ்சுக்கடியில் காந்த டப்பியைத் தடவித் தேடும்போது, அந்தப் பெஞ்சை ஆணியே இல்லாமல் பொருத்திய தச்சர் யாராக இருக்கும் என்று யோசித்தேன். வேலிக் கம்பியில் பாசி எந்தப் பக்கம் அடர்ந்திருக்கிறது, சாலைத் தடுப்பின் எந்த மறை புதிது, எல்லாம் கண்ணில் பட்டது. சுற்றுலாப் பயணிக்கு யாரும் காட்டாத இடங்களிலேயே நின்றுகொண்டிருந்தேன். அருவியை ஒரு மாலையில் பார்த்தோம், அழகுதான்.

பிறகு தம்பி என்னை நடக்கக் கூட்டிப்போனான். மெக்சிகோ எல்லையிலிருந்து கனடாவரை 4,265 கிலோமீட்டர் நீளும் பசிபிக் கிரெஸ்ட் டிரெயில் ஹூட் சிகரத்தின் தோளில் ஏறிப் போகிறது. அதில் ஒரு துண்டு மட்டும் எங்களுக்கு. தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் நடப்பவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். கடைசியில் சாமி இல்லாத நடை எதற்கு என்று கேட்டேன். “நடந்து பாருக்கா” என்றான். பனியாற்று வண்டலால் சாம்பல் நிறத்தில் ஓடும் சாண்டி ஆற்றை, வெயில் ஏறிப் பனி உருகித் தண்ணீர் கூடுவதற்கு முன் காலையிலேயே மரக்கட்டை மேல் கடந்தோம். ஹக்கிள்பெரி பழுத்திருந்தது. கால் வலித்தது.

லோலோ கணவாயில் பாதை ஒரு தார்ச்சாலையைக் குறுக்கே வெட்டுகிறது. அங்கே ஒரு வண்டி, சில மடக்கு நாற்காலிகள், எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா. நடப்பவர்களுக்காகத் தோட்டத்துத் தக்காளியை வட்ட வட்டமாக அரிந்து, ரொட்டியும் உப்பும் பக்கத்தில் வைத்திருந்தார். இப்படிப்பட்டவர்களை அங்கே டிரெயில் ஏஞ்சல் என்கிறார்கள். காசு கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது. நான் மெக்சிகோவிலிருந்து வரவில்லையே என்று தயங்கினேன். “நடந்துதானே வந்தீர்கள்?” என்று நாற்காலியை நகர்த்திப் போட்டார். திருச்செந்தூர் சாலையில் மோர்ப் பானையோடு நிற்பவர்களும் யார், எந்த ஊர் என்று கேட்பதில்லை. என் கேள்விக்கு அங்கேயே பாதி பதில் வந்துவிட்டது.

எங்களுக்கு முன்பே ஒரு பெண் அங்கே உட்கார்ந்திருந்தாள். ஒஹையோ மாநிலத்து நர்ஸ். வேலையை விட்டுவிட்டு ஏப்ரலில் மெக்சிகோ எல்லையில் கிளம்பியவள். 3,000 கிலோமீட்டருக்கு மேல் அந்தக் கால்களில் இருந்தது. ஒரு தக்காளித் துண்டை எடுத்தாள், உப்புத் தூவினாள், வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அது முழுதாக இறங்கும்வரை அடுத்த துண்டைத் தொடவில்லை. ரசத்துக்கு நான் நாள்தோறும் பிழிந்து போடும் அதே தக்காளி.

வழியில் எது ரொம்ப அழகு என்று கேட்டேன். சியேரா மலை என்பாள், ஏதாவது ஏரியைச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். கலிபோர்னியாப் பாலைவனத்தில் ஒரு பெட்ரோல் பங்க் கழிப்பறை என்றாள். தண்ணீரை மிடறு மிடறாக எண்ணிக் குடித்து வந்தவள், அங்கே குழாயைத் திறந்ததும் வெந்நீர் வந்ததாம். கையை நீட்டியபடி நின்று அழுதிருக்கிறாள். “ஆஸ்பத்திரியில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கை கழுவினேன்! ஒரு தடவைகூட தண்ணீரை உணர்ந்ததில்லை.”

எனக்கு உடனே அம்மா ஞாபகம் வந்தது. எங்கள் தெருவில் அடிபம்புதான். விடியுமுன் குடத்தை வரிசையில் போட வேண்டும். வீட்டுக்குள் குழாய் வந்த அன்று, அம்மா அதற்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்துவிட்டுத்தான் திறந்தாள். அம்மாவுக்குத் தண்ணீரின் அருமை தெரிய எந்த மலையும் ஏற வேண்டியிருக்கவில்லை. தானே தேடிப் போகும் தட்டுப்பாடும், தலையில் விழுந்த தட்டுப்பாடும் ஒன்றல்ல. இதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் சமாதானம் எதுவும் தேடவில்லை. “அந்தக் குழாய் இன்னும் இருக்கிறதா?” என்று மட்டும் கேட்டாள். இருக்கிறது என்றேன். குங்குமம் வைப்பதுதான் நின்றுபோயிற்று.

தன் ஊர்க்காரி எம்மா கேட்வுட் பற்றியும் அவள்தான் சொன்னாள். 11 பிள்ளைகள் பெற்றவர், கணவனின் அடி உதையிலிருந்து விடுபட்டு விவாகரத்து வாங்கியவர். 1955இல், 67 வயதில், அப்பலேச்சியன் பாதை என்ற இன்னொரு நெடும்பாதை முழுவதையும் தனியாக நடந்து முடித்தார். கையால் தைத்த துணிப்பை, மழைக்குக் குளியலறைத் திரை, காலில் கேன்வாஸ் ஷூ. வீட்டில் கிடந்ததையே எடுத்துப்போயிருக்கிறார். தக்காளி அரிந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து, “1959இல் போர்ட்லாண்டுக்கும் நடந்து வந்தாரே!” என்றார். ஒரேகானின் நூற்றாண்டுக்காக மிசௌரியிலிருந்து, 71 வயதில். மூன்று பெண்களும் அந்தக் குளியலறைத் திரையைப் பற்றி வெகுநேரம் பேசினோம். தம்பி பேசாமல் ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

ஹில்ஸ்பரோ திரும்பியதும் தம்பி மகள் புதுத் திட்டத்தோடு காத்திருந்தாள். தென்காசியில், எங்கள் தெருவில், ஒரு டப்பி ஒளிக்க வேண்டும். ஆனால் விடுமுறைக்குப் போன ஊரில் சும்மா வைத்துவிட்டு வர முடியாது. தாள் நனைந்தால் மாற்ற, தொலைந்தால் திரும்ப வைக்க, பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்பது விதி.

“நான் இருக்கேனே” என்றேன்.

நோட்டைத் திறந்தாள். “சரி, உங்க தெருவில என்னென்ன இருக்கு? ஒண்ணு விடாம சொல்லுங்க.”

இஸ்திரி வண்டி. பால் பூத். பிள்ளையார் கோயில் திண்ணை. அங்கே கூடாது என்று அடித்தாள். மின்கம்பம், ஷாக் அடிக்கும், அதுவும் கூடாது. வாத்தியார் வீட்டு உடைந்த கேட். அடிபம்பு.

“அது இன்னும் இருக்கா?”

“இருக்கு. தண்ணி வராது. கைப்பிடியைக் கழட்டிட்டாங்க.”

“கைப்பிடி இருந்த ஓட்டைக்குள்ள ஃபிலிம் டப்பி போகுமா அத்தை?”

ஊருக்குப் போனதும் அளந்து எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.