சாவியுடன் கட்டிய கயிறு

"பாலைவனத்தில் படகுப் போட்டியா? நன்றாகக் கேட்டுப் பார், ஒட்டகப் போட்டியாக இருக்கப் போகிறது!"

தொலைபேசியில் அம்மா இப்படிச் சொன்னபோது எனக்கும் சிரிப்பு வந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கல்வியியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். பீனிக்ஸ் நகருக்கு அருகில் ஒரு முதியவரின் வீட்டில் வாடகை அறை கிடைத்தது. அவர் பணி ஓய்வு பெற்ற கார் பழுதுபார்ப்பாளர். அவருடைய கார்க் கொட்டகையில் கார் இல்லை. நீல நிறத்தில் ஒரு விசைப்படகு மட்டுமே இருந்தது. அதை ஓட்டுபவர் அவருடைய மகள். வார நாள்களில் மருத்துவமனையில் தாதியாக வேலை செய்வார். வார இறுதியில் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு படகில் ஏறிவிடுவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மனத்துக்குள் அவரை 'அக்கா' என்றே அழைத்துக்கொண்டேன்.

ஒரு மார்ச் மாத வெள்ளிக்கிழமை பெரியவர் என் அறைக் கதவைத் தட்டினார்.

"நாளை போட்டிக்குப் போகிறோம். உதவிக்கு ஓர் ஆள் குறைகிறது. வருகிறாயா?"

படகைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது என்றேன். "எழுதப் படிக்கத் தெரியுமல்லவா? அது போதும்" என்றார்.

பீனிக்ஸிலிருந்து மேற்கே இரண்டரை மணி நேரப் பயணம். படகை ஏற்றிய இழுவண்டி எங்கள் வாகனத்தின் பின்னால் வந்துகொண்டிருந்தது. வழி நெடுகிலும் கைகளை உயர்த்தி நிற்கும் மனிதர்களைப் போலச் சாகுவாரோ கள்ளிகள். பசுமை என்பதே கண்ணில் படவில்லை. எங்கும் கல்லும் மணலும் பழுப்பு நிற மலைகளும்தான். கடைசி மேட்டைத் தாண்டியதும், அந்தப் பழுப்பின் நடுவே நீலப்பச்சை நிறத்தில் ஓர் ஆறு பளிச்சென்று தெரிந்தது. அதுதான் கொலராடோ ஆறு. அக்கரையில் கலிபோர்னியா, இக்கரையில் அரிசோனா. நாங்கள் சென்ற ஊரின் பெயர் பார்க்கர்.

ராக்கி மலைத்தொடரில் பிறந்து, ஏறத்தாழ 2,330 கிலோமீட்டர் ஓடிவரும் ஆறு அது. 'கொலராடோ' என்ற ஸ்பானியச் சொல்லுக்குச் 'செந்நிறமானது' என்று பொருள். ஒரு காலத்தில் செம்மண்ணைச் சுமந்து சிவப்பாக ஓடிய அந்த ஆறு, அணைகள் கட்டப்பட்ட பிறகு வண்டலைத் தேக்கங்களில் இறக்கிவைத்துவிட்டுத் தெளிந்த நீராக வருகிறது. பார்க்கர் அணை 1934ஆம் ஆண்டுக்கும் 1938ஆம் ஆண்டுக்கும் இடையில் கட்டப்பட்டது. அதன் மொத்த உயரம் 98 மீட்டர். ஆனால், அதில் 72 மீட்டர் ஆற்றுப் படுகைக்குக் கீழே புதைந்திருக்கிறது! பாறையைத் தொடும்வரை தோண்ட வேண்டியிருந்ததே அதற்குக் காரணம். அந்த அணையின் பின்னால் தேங்கும் ஹவாசு ஏரியிலிருந்துதான் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதிக்கும் பீனிக்ஸுக்கும் கால்வாய்கள் வழியாக நீர் போகிறது.

"இத்தனை பேர் குடித்த பிறகு கடலுக்கு என்ன மிஞ்சும்?" என்று கேட்டேன்.

"பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சுவதில்லை. மெக்சிகோவில் கடலை எட்டும் முன்பே வற்றிவிடுகிறது" என்றார் பெரியவர். சொட்டு நீரையும் சேமிக்கச் சொல்லி வளர்க்கப்பட்ட சிங்கப்பூர்ப் பிள்ளையான எனக்கு அந்தப் பதில் நெஞ்சில் தைத்தது.

அந்த வட்டாரத்திற்கும் படகுகளுக்கும் உள்ள உறவு பழமையானது. ஹவாசு ஏரிக்கரையில் இருக்கும் நகரம் உருவானதே படகு இயந்திரங்களால்தான். ராபர்ட் மெக்கலக் என்ற தொழிலதிபர், தம் நிறுவனத்தின் படகு இயந்திரங்களைச் சோதித்துப் பார்க்க இடம் தேடி, 1960களில் அங்கு ஒரு நகரத்தையே நிறுவினார். பிறகு லண்டன் பாலத்தை விலைக்கு வாங்கி, அதன் கற்களை அங்கே கொண்டுவந்து நிறுத்தியவரும் அவரே! பார்க்கரில் அதே காலத்தில் ஒன்பது மணி நேரம் இடைவிடாது ஓடும் படகுப் போட்டிகள் நடந்தன. பெரியவர் இளைஞராக அவற்றைக் கரையில் நின்று பார்த்திருக்கிறார். நாங்கள் கலந்துகொண்டது அவ்வளவு பெரியதன்று. ஒரு மணி நேரப் போட்டி. பதினான்கு படகுகள். ஓட்டுநர்கள் எல்லாரும் தச்சர், ஆசிரியர், கடைக்காரர் என வேறு வேலை செய்து பிழைப்பவர்கள். பரிசுத் தொகை எரிபொருள் செலவுக்கே போதாது. ஆனாலும், அவர்கள் முகத்தில் இருந்த உற்சாகத்துக்கு அளவே இல்லை.

பெரியவர் என்னிடம் ஓர் அட்டையைக் கொடுத்தார். படகை ஆற்றில் இறக்கும் முன் சரிபார்க்க வேண்டியவை அதில் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. எரிபொருள், விசிறி, திசைமாற்றும் கம்பி, பாதுகாப்புக் கயிறு, வடிகால் அடைப்பான். ஒவ்வொன்றையும் அவர் பொறுமையாக விளக்கினார். பாதுகாப்புக் கயிற்றின் ஒரு முனை ஓட்டுநரின் மிதவைச் சட்டையில் மாட்டப்பட்டிருக்கும். மறுமுனை இயந்திரத்தின் விசையில் இருக்கும். ஓட்டுநர் தூக்கி எறியப்பட்டால் கயிறு பிடுங்கப்பட்டு, இயந்திரம் உடனே நின்றுவிடும். நீரில் விழுந்தவரை விசிறி வெட்டாமல் இருக்க அந்த ஏற்பாடு.

"இதுதான் மிகச் சிறியது" என்று கட்டைவிரல் அளவில் ஒரு பித்தளை அடைப்பானைக் காட்டினார். படகின் பின்புற அடியில் ஒரு துளை இருக்கும். படகு கரையில் இருக்கும்போது உள்ளே சேர்ந்த நீர் வடிவதற்காக அடைப்பானைக் கழற்றிவிடுவார்கள். நீரில் இறக்கும் முன் திரும்பவும் திருகி மூட வேண்டும்.

"மறந்துவிட்டால்?"

"வேகமாக ஓடும்போது ஒன்றும் ஆகாது. துளையைக் கடந்து பாயும் நீர், உள்ளே இருப்பதையும் வெளியே இழுத்துவிடும். ஆனால், வேகம் குறைந்தால் ஆறு உள்ளே வந்துவிடும். பின்பக்கம் கனத்துப்போகும். அந்த நிலையில் திருப்பத்தில் வேகமெடுத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை."

சனிக்கிழமை காலை கரை முழுவதும் கூட்டம். இயந்திரங்களின் உறுமலில் பேசுவது காதில் விழவில்லை. அட்டையைப் பார்த்து நான்கு வேலைகளை முடித்துவிட்டேன். ஐந்தாவதற்காக அடைப்பானைக் கையில் எடுத்த வேளையில், பக்கத்துக் குழுவினர் தங்கள் படகைத் தள்ள உதவி கேட்டார்கள். ஓடிப்போய் உதவினேன். திரும்பி வந்தபோது எங்கள் படகு சரிவுப் பாதையில் இறங்கிக்கொண்டிருந்தது. "எல்லாம் சரியா?" என்று பெரியவர் சைகையால் கேட்டார். நானும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அக்கா கையசைத்துவிட்டு, தொடக்கக் கோட்டை நோக்கிப் படகை மெதுவாகச் செலுத்தினார்.

சுற்றுகளைக் குறிக்கப் பேனாவைத் தேடிச் சட்டைப்பைக்குள் கையை விட்டேன். விரலில் குளிர்ச்சியாக ஏதோ பட்டது. வெளியே எடுத்தேன். பித்தளை அடைப்பான்!

என் உடல் வெலவெலத்துப் போனது. போட்டி தொடங்க இன்னும் மூன்று நிமிடங்களே இருந்தன. இப்போது சொன்னால் படகு கரைக்குத் திரும்ப வேண்டும், தொடக்கத்தைத் தவறவிடும். பல மாத உழைப்பு என்னால் வீணாகும். எல்லார் முன்னிலையிலும் என் தலை குனியும். சொல்லாவிட்டால்? 'வேகமாக ஓடும்போது ஒன்றும் ஆகாது' என்று பெரியவரே சொன்னாரே! இன்னும் மூன்று நிமிடங்கள்தானே? பிறகு படகு பறக்கத்தான் போகிறது. போட்டி முடிந்ததும் யாருக்கும் தெரியாமல் மூடிவிடலாமே?

அப்படி நினைத்ததை இன்று எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஏறத்தாழ அரை நிமிடம் அப்படியே நின்றேன். அப்போது அக்கா தலைக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு எங்களை நோக்கி ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவர் நம்பிப் போனது என் கட்டைவிரலை அல்லவா?

பெரியவரிடம் ஓடினேன். வாயில் சொல் வரவில்லை. உள்ளங்கையை விரித்துக் காட்டினேன்.

அவர் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. சரிவுப் பாதையின் ஓரத்திற்கு ஓடி, இரு கைகளையும் தலைக்குமேல் குறுக்காக வைத்து அசைத்தார். 'திரும்பி வா' என்று பொருள். அக்கா படகைத் திருப்பினார். இழுவண்டியில் ஏற்றி மேலே இழுத்தபோது, துளையிலிருந்து நீர் குழாயில் கொட்டுவதைப் போலக் கொட்டியது. சில நிமிடங்களிலேயே பல வாளி நீர் புகுந்திருந்தது. நீர் வடிந்து முடிவதற்குள் போட்டி தொடங்கிவிட்டது. அடைப்பானைத் திருகியபோது என் கைகள் நடுங்கின. எங்கள் படகு புறப்பட்டபோது மற்றவர்கள் மூன்று சுற்றுகளை முடித்திருந்தார்கள்.

ஏறத்தாழ அரை மணி நேரம் கழிந்திருக்கும். கலிபோர்னியா கரைப் பக்கத் திருப்பத்தில் ஒரு வெள்ளைப் படகின் முன்பகுதி காற்றில் எழும்பியது. கண்மூடித் திறப்பதற்குள் தலைகுப்புறக் கவிழ்ந்தது. உடனே சிவப்புக் கொடி உயர்ந்தது. எல்லாப் படகுகளும் இருந்த இடத்திலேயே நின்றன. மீட்புப் படகு விரைந்தது. கவிழ்ந்த படகின் ஓட்டுநர் நீரில் மிதந்தபடி கையை உயர்த்திக் காட்டினார். கரையே கைதட்டியது. பாதுகாப்புக் கயிறு தன் வேலையைச் செய்திருந்தது.

போட்டி மீண்டும் தொடங்கப் பத்து நிமிடங்களுக்கும் மேல் ஆனது. அதுவரை அக்காவின் படகு ஆற்றின் நடுவில் அசையாமல் நின்றது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அடைப்பான் இன்னமும் என் சட்டைப்பையில் இருந்திருந்தால்? அந்தப் பத்து நிமிடங்களில் எவ்வளவு நீர் ஏறியிருக்கும்? மீட்புப் படகு வேறொருவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்த வேளையில் அக்காவை யார் கவனித்திருப்பார்கள்? மார்ச் மாத வெயிலிலும் எனக்கு வியர்வை குளிர்ந்தது.

நாங்கள் ஒன்பதாவதாக வந்தோம். அக்கா என் தோளைத் தட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். நான் பெரியவரின் முகத்தைப் பார்க்க அஞ்சி, கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். மாலையில் அவரே என் அருகில் வந்து அமர்ந்தார். மலைகளின் நிழல் ஆற்றின் மேல் நீண்டு கிடந்தது.

"பைக்குள் அடைப்பான் இருப்பது தெரிந்த பிறகு, என்னிடம் வருவதற்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாய்?"

"அரை நிமிடம் இருக்கும்" என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"அந்த அரை நிமிடத்தைக் குறைத்துக்கொள். மற்றபடி, அடைப்பானை மறப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். நானும் மறந்திருக்கிறேன்."

"நாளைக்கு வேறு யாரிடமாவது அந்த வேலையைக் கொடுங்கள், ஐயா."

"ஏன்? இந்தக் கரையில் இருப்பவர்களில் நாளை அடைப்பானை மறக்கவே மறக்காத ஆள் யார் தெரியுமா? நீதான்."

அதோடு அவர் நிறுத்தவில்லை. கருவிப் பெட்டியிலிருந்து ஒரு சிறு கயிற்றை எடுத்தார். ஒரு முனையில் அடைப்பானையும் மறுமுனையில் இயந்திரத்தின் சாவியையும் சேர்த்துக் கட்டினார். "இனி அடைப்பானை அவிழ்க்காமல் சாவியைப் போட முடியாது. மறதி மனிதருக்கு இயல்பு. இதை நான் முன்பே கட்டியிருக்க வேண்டும். தவறு உன்னுடையது மட்டுமன்று" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கயிற்றை அவிழ்த்து, அடைப்பானைத் திருகி, ஒருமுறைக்கு இருமுறை தொட்டுப் பார்த்த பிறகே சாவியை அக்காவிடம் கொடுத்தேன். அன்று ஐந்தாம் இடம் கிடைத்தது. கோப்பை இல்லை. ஆனாலும், திரும்பும் வழியில் மூவரும் பாடிக்கொண்டே வந்தோம்.

பின்னர் நான் ஆசிரியரானேன். வீட்டுப்பாடத்தை மறந்து வந்த மாணவர்களையும், பொறுப்பில் தவறிவிட்டுத் தாமாகவே வந்து சொன்ன மாணவர்களையும் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். தயங்கித் தயங்கி உள்ளங்கையை விரிக்கும் அந்த நேரம் எவ்வளவு கனமானது என்பது எனக்குத் தெரியும். அதனால், முதலில் அவர்கள் சொன்னதற்கு நன்றி கூறுவேன். பிறகு இருவரும் சேர்ந்து யோசிப்போம்: இது மறுபடியும் நடக்காமல் இருக்க, எந்தச் சாவியோடு எதைக் கட்டலாம்? அதன்பின், அதே பொறுப்பை அவர்களிடமே திரும்பக் கொடுத்துவிடுவேன்.